மழைக்கு நிற்காத வேலை

சம்பந்தியம்மா,

காலையில் கோலம் போடக் கதவைத் திறந்தால், இப்போதெல்லாம் முதலில் மூக்கில் ஏறுவது ரப்பர் வாடைதான். வாசல் ஓரத்தில் கறுப்பு பூட்ஸ் ஒரு சோடி நிற்கிறது. கணுக்காலுக்கு மேலே ஏறுகிற உயரம். தூக்கினால் அம்மிக் குழவி கனம். இன்றைக்கு, நேற்றைய மழையில் நனைந்துவிட்டது என்று சுவரில் சாய்த்துக் காய வைத்திருந்தாள் உங்கள் மகள் மாரீஸ்வரி. நாலு தலைமுறையாக வேலைக்கு வெறுங்காலோடு போன வீடு இது. முதலில் வயல்காடு, பிறகு வெடி போடுகிற பயராபீஸ். அந்த வாசலில் வேலைக்குப் போகிற காலுக்கென்று ஒரு பூட்ஸ் காய்வதைப் பார்த்ததும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்ல ஆளில்லையே என்று கோபமும் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது உங்களுக்குத் தெரியும். அச்சாபீசில் வீணாகிப் போன காலண்டர்த் தாளைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் பழகியவள் நான். இதையும் அப்படி ஒரு தாளின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஞாபகத்தில் பிழை இருக்காது. யார், எந்த இடத்தில் நின்று, என்ன சொன்னார்கள் என்பது எனக்குள் அப்படியே கிடக்கிறது. நல்லதும் கிடக்கிறது, கெட்டது கொஞ்சம் பத்திரமாகவே கிடக்கிறது.

கல்யாணம் முடிந்து நீங்கள் சீர் இறக்கிய நாளிலிருந்து தொடங்குகிறேன். எம். புதுப்பட்டியிலிருந்து உங்கள் மினிலாரி வந்து தெருமுனையில் நின்றது. குத்துவிளக்கு இறங்கியது, அண்டா இறங்கியது, பீரோ, கட்டில், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் இறங்கின. நான் வாசலில் தலை நிமிர்ந்து நின்றேன். கடைசியாக ஒரு சிவப்பு இரும்புப் பெட்டி இறங்கியது. மேலே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தீர்கள். நகைப்பெட்டி என்று நினைத்துத் தெருவே எட்டிப் பார்த்தது. நீங்கள் எல்லோருக்கும் முன்னால் அதைத் திறந்தீர்கள். உள்ளே டெஸ்டர், கட்டிங் பிளேயர், ஸ்குரூ டிரைவர், கறுப்பு டேப் சுருள்.

என் வீட்டுக்காரரின் தம்பி, அந்தப் புண்ணியவான் கொழுந்தனார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"என்ன மதினி, பொண்ணு கேட்டுப் போனீகளா, லைன்மேன் கேட்டுப் போனீகளா?"

தெரு சிரித்தது. எனக்கு முகம் செத்துவிட்டது. நீங்கள் விட்டீர்களா?

"ஆமாண்ணே. உங்க வீட்டுப் பக்கம் கொஞ்சம் இருட்டுன்னு சொன்னாக. அதான் சாமானோட அனுப்பியிருக்கோம்."

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் என் மகன் சுப்புராஜும் ஒருவன். மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றுகொண்டு பல் தெரியச் சிரித்தான். கொழுந்தனார் வீடு தனி, என் வீடு தனி. ஆனால் நீங்கள் சொன்ன இருட்டு என் வீட்டு மேலும்தானே விழுந்தது? என்னிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அந்தப் பெட்டியைப் பீரோவுக்குள் வைத்து இறக்கியிருப்பேன். பேத்தி பிறக்கிற வரைக்கும் நான் உங்கள் முகம் பார்த்துப் பேசவில்லை. பேச வேண்டியிருந்தால் சுவரைப் பார்த்துச் சொல்வேன். நீங்களும் சளைத்தவரா? அதே சுவருக்குப் பதில் சொல்வீர்கள். உங்கள் வீட்டில் எனக்குச் சோறு போடும்போதும் சுவரிடம்தான் கேட்பீர்கள்.

"ஏ சுவரே, சம்பந்தியம்மாவுக்கு இன்னொரு கரண்டி சோறு வேணுமான்னு கேட்டுச் சொல்லு."

ஒருநாள் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். அதோடு சுவருக்கு விடுதலை.

பேத்தி கைக்குழந்தையாக இருந்த ஐப்பசியில் நீங்கள் இங்கே வந்து தங்கினீர்கள். அடைமழை. மழையென்றால் பயராபீஸ் கிடையாது. மருந்து காயாது, ஈரத்தில் வேலை ஓடாது, இடி இடித்தால் உள்ளே நிற்கவும் விடமாட்டார்கள். தெருவே வேலையில்லாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. கரண்டும் போய்விட்டது. எதிரே கம்பத்தில் மழைக்கோட்டு போட்ட ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார். நீங்கள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே அவரைப் பார்த்தீர்கள். அப்போதுதான் நான் நேராகக் கேட்டேன்.

"ஏன் சம்பந்தியம்மா, பொட்டப்பிள்ளையை நர்சுக்குப் படிக்க வச்சிருக்கலாம்ல? டீச்சருக்கு விட்டிருக்கலாம்ல? கரண்டுக்கா கொண்டு விடுவாக?"

"மழை பெஞ்சா நமக்கு வேலை இல்ல. அந்தா பாருங்க, மழை பெஞ்சாத்தான் அவுகளுக்கு வேலை. நம்ம பிள்ளைக்கு அந்தப் பக்கம் ஒரு இடம் கெடைக்கட்டும்னுதான் ஐ.டி.ஐ.ல சேத்தேன்."

சொல்லிவிட்டு நீங்கள் கீரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தீர்கள். ஏனென்றால் அந்த வருசங்களில் உங்கள் மகளும் பயராபீசுக்குத்தான் பெட்டி கட்டப் போய்க்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையையும் நான் மறக்கவில்லை. வாயால் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கண்ணால் கேட்டால் யார் என்ன சொல்வது?

அந்தச் சிவப்புப் பெட்டி சும்மா கிடந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். தெருவில் ஓடாத மிக்ஸியெல்லாம் நம் வீட்டுக்குத்தான் வரும். ஃபேனைக் கழற்றி மாரீஸ்வரி சரிசெய்கிற போது பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஆணியைப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஆனால் மாரீஸ்வரி மனதில் இருந்தது மிக்ஸி இல்லை. கம்பெனி வேலை. மாதம் பிறந்தால் சம்பளம், பேர் போட்ட சட்டை, சீசன் இல்லாத வேலை. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை, இந்தத் தைப்பொங்கல் வரைக்கும்.

நீங்கள் போன கார்த்திகையில் கண்ணை மூடினீர்கள். அதனால் இந்த வருசம் பொங்கலுக்குப் பால் பொங்கியது, சத்தம் பொங்கவில்லை. கொழுந்தனார் சாப்பிட வந்தார். மாரீஸ்வரி பரிமாறிக்கொண்டிருந்தாள். அந்த மனுசன் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

"என்ன மதினி, அந்த லைன்மேன் பெட்டி துருப்பிடிச்சுப் போச்சா? பழைய இரும்புக்காரன் தெருவுல வாரான், போட்டுருவமா?"

மாரீஸ்வரி கரண்டியைப் பானைக்குள் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அத்தே, எனக்கு முப்பத்தஞ்சு ஆகப்போகுது. கம்பெனியில அதுக்கு மேல எடுக்க மாட்டாக. இந்த வருசம் விட்டா எனக்கு இந்தச் சென்மத்துல கெடையாது."

"போயிரு தாயி" என்றேன். யோசித்துச் சொன்னது இல்லை. கொழுந்தனார் கூடத்தில் இரண்டாவது முறை பொங்கல் கேட்கிற சத்தம் காதில் விழுந்தது. அது போதுமானதாக இருந்தது.

மாசியில் சூலக்கரையில் வேலைவாய்ப்பு முகாம் என்று கேள்விப்பட்டு இருவரும் பஸ் ஏறினோம். உங்களுக்குப் பிடித்திருக்கும் சம்பந்தியம்மா, திருவிழாக் கடை மாதிரி வரிசையாக மேசை போட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் கரண்டுக் கம்பெனிதான். காற்றாலைக்கு ஒரு மேசை, சோலாருக்கு இரண்டு மூன்று மேசை, மீட்டர் மாட்டுகிறவர்கள் ஒரு பக்கம், தண்ணீர் ஏற்றுகிற பம்பு நிலையத்துக்கு ஆள் எடுக்கிறவர்கள் ஒரு பக்கம். நம் காலத்தில் வேலை என்றால் பயராபீஸ், இல்லாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ், அதுவும் இல்லாவிட்டால் ஆலங்குளம் சிமெண்டு ஆலைக்குச் சிபாரிசு தேட வேண்டும். இங்கே என்னவென்றால் வா வா என்று கூப்பிடுகிறார்கள்!

காற்றாலை மேசையில் ஒரு பையன் டை கட்டியிருந்தான்.

"பாட்டி, யாருக்கு வேலை? உங்களுக்கா?"

"எனக்குக் குடுத்தாலும் செய்வேன். இப்ப இவளுக்குச் சொல்லு. காத்து அடிக்காத மாசம் சம்பளம் உண்டா?"

"உண்டு பாட்டி. காத்து இல்லாதப்பத்தான் மேல ஏறி சர்வீஸ் பாப்போம்."

"மேலன்னா எம்புட்டு மேல?"

அவன் பின்னால் இருந்த படத்தைக் காட்டினான். நான் மாரீஸ்வரியைப் பார்த்தேன். அவள் படத்தைப் பார்த்தாள். "ஏறிருவேன் அத்தே" என்றாள். ஏறத்தான் செய்வாள், கீழே நிற்கிற எனக்குத்தான் உயிர் போகும். ஆனால் அந்த வேலைக்குக் கயத்தாறு பக்கம் போய்த் தங்க வேண்டுமாம். பிள்ளையை விட்டுவிட்டு முடியாது என்று அவளே நகர்ந்துவிட்டாள்.

சோலார் மேசையில் உங்கள் கேள்வியைக் கேட்டேன்.

"மழை பெஞ்சா வேலை உண்டா, வீட்டுல இருக்கணுமா?"

"மழை பெஞ்சா பேனல் தன்னால கழுவிக்கிடும் பாட்டி. அம்புட்டுத்தான். ஆனா இடி இடிச்சு லைன் டிரிப் ஆச்சுன்னா அன்னைக்குத்தான் எங்களுக்கு ரொம்ப வேலை."

நான் மாரீஸ்வரியின் முதுகைத் தள்ளினேன். "எழுதிக்கிடுங்க. பேரு மாரீஸ்வரி. எலக்ட்ரீசியன் படிச்சவ."

கொஞ்ச நாளில் வந்து வேலை செய்து காட்டச் சொல்லிப் போன் வந்தது. அப்போதுதான் சுப்புராஜ் முறுக்கிக்கொண்டான். அவன் லோடு வண்டி ஓட்டுகிறவன்; பயராபீசிலிருந்து வெடிப் பெட்டி ஏற்றி மதுரை வரைக்கும் போகிறவன்.

"கரண்டு என்ன வெளையாட்டாம்மா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஏலே, நீ வண்டியில ஏத்திட்டுப் போறியே, அந்தப் பெட்டிக்குள்ள என்னலே இருக்கு? பொரிகடலையா?"

அதை விட்டுவிட்டுப் பிள்ளையை யார் பார்ப்பது என்று தொடங்கினான்.

"ஒன்னைய யாருலே பாத்தா? நான் பயராபீசுக்குப் போயிக்கிட்டுத்தானே பாத்தேன். நல்லாத்தானே தின்னு வளந்திருக்கே."

வேலை செய்து காட்டுகிற நாளில் அவனே வண்டியில் எங்களைக் கொண்டுபோய் இறக்கினான். சரி என்று வாயால் சொல்லவே இல்லை. சீட்டைத் துணியால் துடைத்துவிட்டான். நான் அதைச் சரியென்று எடுத்துக்கொண்டேன்.

கம்பெனி கம்பி வேலிக்கு வெளியே ஒரு வேம்பு. நான் அதன் நிழலில் உட்கார்ந்து வேலி வழியாகப் பார்த்தேன். வந்தவர்களுக்கெல்லாம் தலைக்கு மஞ்சள் தொப்பியும் காலுக்குப் பூட்சும் கொடுத்தார்கள். நாலைந்து பையன்கள், உங்கள் மகள் ஒருத்திதான் பெண். ஒரு சின்னக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார்கள். சூரியனில் பிடித்த கரண்டை அங்கேதான் மாற்றி ஊருக்கு அனுப்புவார்களாம். பையன்கள் தடதடவென்று உள்ளே போனார்கள். மாரீஸ்வரி வாசலில் நின்றாள். குனிந்து பூட்சைக் கழற்றினாள். தலைக்குக் கையைக் கொண்டுபோய்க் கொண்டை ஊசியை உருவினாள். பிறகு கையை நீட்டிச் சுவரைத் தடவித் தேடினாள்.

எனக்குப் புரிந்துவிட்டது சம்பந்தியம்மா. உங்களுக்கும் புரியும். மருந்து ரூமுக்குள் காலை வைக்குமுன் நாமெல்லோரும் செய்கிறதுதானே! செருப்பு கூடாது, இரும்பு கூடாது, வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு வெறுங்காலோடு போக வேண்டும். இத்தனை வருசம் செய்த காலும் கையும் அன்றைக்கும் தன்னால் அதைச் செய்துவிட்டன. கரண்டு ரூமு வாசலில்!

"ஏம்மா ஏம்மா! பூட்சைக் கழட்டாதீங்க! என்ன கோயிலா இது?" என்று உள்ளேயிருந்து ஒருவர் கத்தினார். பையன்கள் சிரித்தார்கள். நீலச் சட்டை போட்ட ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் முகத்தை நான் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். மாரீஸ்வரியைத் தனியாக ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டார்கள். கையில் பூட்சோடு வெயிலில் நின்றாள். போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தேன். கொழுந்தனார் முகம் வேறு கண் முன்னால் வந்து நின்றது.

சிரிப்புச் சத்தம் கேட்டு ஓர் இன்சினியர் பெண் வந்தாள். மாரீஸ்வரியைவிடச் சின்ன வயசு. அவர்கள் பேசியதை வீட்டுக்கு வந்தபிறகு மாரீஸ்வரி சொல்லித்தான் கேட்டேன்.

"எங்க வேலை பாத்தீங்க? பயராபீசா?"

"ஆமா மேடம். அங்கன உடம்புல இருக்கிற கரண்டு தரைக்கு எறங்கிரணும், அதுக்கு வெறுங்கால். இங்கன கரண்டு நம்ம உடம்பு வழியாத் தரைக்கு எறங்கிரக் கூடாது, அதுக்கு பூட்ஸ். எனக்குத் தெரியும் மேடம். கால்தான் மறந்துபோச்சு."

அந்தப் பெண் சிரித்துவிட்டாளாம். கேலிச் சிரிப்பு இல்லை. "எங்க அம்மாவும் தீப்பெட்டி ஆபீஸ்தான். மாட்டுங்க. இன்னொரு தடவை கழட்டுனா நானே வெளிய அனுப்பிருவேன்" என்று சொல்லி உள்ளே கூட்டிப்போனாளாம். உள்ளே ஒரு பெட்டியில் வயரைத் தப்பாக இணைத்து வைத்துவிட்டு, தப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னார்களாம். பழுதான மிக்ஸிக்கெல்லாம் நோய் பார்த்த கை அல்லவா. மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லிவிட்டாள். நீலச் சட்டைக்காரனும் சொல்லிவிட்டான், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கடைசியில் அந்தப் பெண் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொன்னாளாம்: "வாசல்ல நிக்கிற ஆளுக்கு பூட்ஸ் மாட்டச் சொல்லிக் குடுத்துரலாம். நிக்காம உள்ள போறவுகளுக்கு நிக்கச் சொல்லிக் குடுக்கத்தான் ரொம்ப நாளாகும்."

இரண்டு பேரை எடுத்தார்கள். மாரீஸ்வரியும் நீலச் சட்டையும். அவன் இப்போது சில ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீட்டில்தான் கறிக்குழம்பு சாப்பிடுகிறான். "ஆச்சி ஆச்சி" என்று என் பின்னாலேயே சுற்றுகிறான். நல்ல பையன். ஆனாலும் சிரித்தவன்தான். எலும்பில்லாத கறியாகப் பார்த்து மற்றவர்களுக்குப் போட்டுவிடுவேன்.

முதல் நாள் வேலைக்குப் போனபோது அந்தச் சிவப்புப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனாள். கம்பெனியிலேயே எல்லாச் சாமானும் கொடுப்பார்களாம், தேவையில்லை என்று சொன்னார்களாம். திரும்பக் கொண்டுவந்து வைத்தபோது முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. இப்போது அது பேத்தி வசம் இருக்கிறது. பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறாள். சேர்க்கத்தான் இன்னும் தெரியவில்லை.

கொழுந்தனார் கதையைச் சொல்லாமல் முடித்தால் எனக்குத் தூக்கம் வராது. ஆடி மாதம் ஒருநாள் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டவில்லை, இறக்கிவிட்டிருந்தார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மதினி, சும்மாத்தான் வந்தேன்."

"சும்மா வந்தா சும்மா இருங்க. மாரீஸ்வரி வர நேரமாகும்."

"நம்ம சின்ன மக பன்னெண்டு முடிச்சிட்டா. பயராபீசுக்கு அனுப்ப மனசில்ல. அதான் மாரீஸ்வரிகிட்ட, அங்கன ஆள் எடுக்காகளான்னு…"

"என்ன படிக்கணும்னு கேக்க வந்தீகளா, எந்த இரும்புக்கடைக்குப் போடணும்னு கேக்க வந்தீகளா?"

"அட விடுங்க மதினி, எப்பவோ சொன்னது."

"தைப்பொங்கலுக்குச் சொன்னது. சொல்லிட்டுப் பொங்கல ரெண்டாந் தடவ வாங்கித் தின்னீக."

காபி கொடுத்தேன். ஆறவிட்டுக் கொடுத்தேன். மாரீஸ்வரி வந்தாள். உங்கள் மகளுக்கு என் குணம் கொஞ்சமாவது ஒட்டியிருக்க வேண்டாமா? முகத்தைக்கூடக் கழுவாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, எலக்ட்ரீசியன்ல சேத்துவிடுங்க. இல்ல, வயர்மேன். முடிச்சா எங்க மாதிரி சோலாருக்கு வரலாம், காத்தாலைக்குப் போகலாம், கரண்டாபீஸ் பரீட்சை எழுதலாம், தண்ணி பம்பு நிலையத்துலயும் எடுக்காக. கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து பாக்கிற வேலைகூட இருக்கு. நாளைக்கே பிள்ளைய என்கிட்ட அனுப்புங்க, நான் பேசுதேன்."

அந்த மனுசன் எழுந்து நின்று, "ஒங்க அம்மா அன்னைக்கே சொன்னாக தாயி" என்றார். நீங்கள் அன்றைக்குச் சொன்னது இருட்டைப் பற்றித்தான். நான் திருத்தவில்லை. சொன்னதாகவே இருக்கட்டும்.

கொழுந்தனார் மகள் இப்போது ஐ.டி.ஐ. போகிறாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் போகிறார்கள். அதைப் பற்றிக் கேட்க யாராவது சாயங்காலம் வாசலில் நிற்கிறார்கள். எந்த வேலைக்கு எந்தப் படிப்பு என்று எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. மாரீஸ்வரி வரத் தாமதமானால் நானே சொல்லி அனுப்பிவிடுகிறேன். தப்பாகச் சொன்னதாக இதுவரை யாரும் திரும்பி வரவில்லை.

முன்பெல்லாம் ரேசன் கடையில் எந்த வீடு என்று கேட்டால் என் பேரைச் சொன்னால் போதும். சண்டைக்காரி என்றாலும் என் பேர்தான். இப்போது கம்பெனி வேன் தெருமுனையில் நின்று ஆரன் அடிக்க அடிக்க, தெருவுக்கே இது கரண்டுக்காரி வீடு ஆகிவிட்டது. இத்தனை வருசம் நான் வாய் நோகச் சம்பாதித்த பேரை உங்கள் மகள் ஒரே வருசத்தில் எடுத்துக்கொண்டாள். போன வாரம் ரேசன் கடையில் புதிதாக வந்தவன் கேட்டான். "கரண்டுக்காரி வீடு" என்று என் வாயாலேயே சொன்னேன். சொல்லிவிட்டு வரிசையில் யார் யார் காதில் விழுந்தது என்று திரும்பியும் பார்த்தேன்.

எல்லோர் மேலும் இருக்கிற கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவருகிறது. உங்கள் மேல் இருக்கிறது மட்டும் இறங்கவில்லை. ஒரு வருசம் பொறுத்திருக்கக் கூடாதா சம்பந்தியம்மா? பேர் போட்ட சட்டையோடு அவள் வேனில் ஏறுவதை ஒருதரம் பார்த்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? அப்படி என்ன அவசரம்? இதை நான் விடுவதாக இல்லை.

அதனால் சாயங்காலம் அவள் வந்து காலை நீட்டி உட்கார்ந்து கம்பெனிக் கதை சொல்லும்போது ஒன்று விடாமல் கேட்டு வைத்துக்கொள்கிறேன். எந்தப் பேனலில் மயில் உட்கார்ந்தது, எந்த வயரை அணில் கடித்தது, மேனேஜர் யாரைத் திட்டினார், இவள் கைவைத்ததும் எது ஓடத் தொடங்கியது எல்லாம். பாதி எனக்கு விளங்காது. விளங்காததையும் அப்படியே வைத்திருக்கிறேன், நீங்கள் கேட்டால் சொல்ல வேண்டுமே. நான் அங்கே வந்ததும் முதலில் சண்டைதான் போடுவேன், தயாராக இருங்கள். அது முடிந்ததும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விடுங்கள். சொல்வதற்கு நிறைய இருக்கிறது; இன்றைக்கும் அவள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.